கோணவாய் மன்னரின் உயில் போலந்தை உடைத்ததா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம் நண்பர்களே. சென்ற உரையின் கீழே ஒரு கல்லூரி மாணவி கேட்ட கேள்வி என்னை விடவே இல்லை. கேள்வி இதுதான்: "ஐயா, 1138 இல் போலந்தை ஆண்ட மூன்றாம் பொலெஸ்வாவ் தன் நாட்டை மகன்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார். அதனால் நாடு இருநூறு ஆண்டு சிதறிக் கிடந்தது. இவ்வளவு பெரிய மன்னர் இவ்வளவு பெரிய தவற்றை எப்படிச் செய்தார்?"

அருமையான கேள்வி. ஆனால் கேள்விக்குள்ளேயே ஒரு தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது. அவர் செய்தது தவறு என்று முடிவு செய்துவிட்டுத்தான் காரணம் கேட்கிறோம். அந்த முடிவை முதலில் சோதித்துப் பார்ப்போம்.

966 இல் முதலாம் மியெஷ்கோ ஞானஸ்நானம் பெற்றதைப் பற்றிய உரையைக் கேட்டவர்களுக்கு பியாஸ்ட் குடும்பம் நினைவிருக்கும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: போலந்தை உருவாக்கி, தொடக்கத்திலிருந்து ஆண்ட அரச குடும்பம் அது. மியெஷ்கோ 992 இல் இறக்கிறார். அவருடைய மூத்த மகன், வீரர் பொலெஸ்வாவ் என்று பெயர் பெற்றவர், முதல் வேலையாகத் தன் சிற்றன்னை ஓதாவையும் அவர் வயிற்றில் பிறந்த தம்பிகளையும் நாட்டைவிட்டுத் துரத்துகிறார். அந்த வீரர் 1025 இல் முடிசூடி, அதே ஆண்டு இறக்கிறார். மகன் இரண்டாம் மியெஷ்கோ அரியணை ஏறுகிறார். 1031 இல் வேறு தாய்க்குப் பிறந்த அவருடைய அண்ணன் பெஸ்பிரிம் அந்நியப் படையோடு வந்து அவரை விரட்டுகிறான். இன்னும் இரண்டு தலைமுறை தள்ளி வாருங்கள்: விளாதிஸ்வாவ் ஹெர்மன், அவருக்கு இரண்டு மகன்கள், மறுபடியும் அதே சண்டை.

உயில் எழுதப்படுவதற்கு முன்பே ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அண்ணன் தம்பிகள் வாளெடுத்திருக்கிறார்கள். உயிலால் சண்டை வந்ததென்று பாடப்புத்தகங்கள் சொல்லும். நான் மாற்றிச் சொல்கிறேன்: சண்டையால்தான் உயில் வந்தது. இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

அந்த மூன்றாவது சண்டையைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் ஒருவர்தான் பிற்பாடு உயில் எழுதியவர்.

ஹெர்மனின் மூத்த மகன் ஸ்பிக்னியெவ். அவன் தாயோடு ஹெர்மனுக்கு இருந்த உறவைத் திருச்சபை முறையான திருமணமாக ஏற்கவில்லை. அதனால் பையனைச் சாக்சனியில் குவெட்லின்பர்க் மடத்துக்குப் படிக்க அனுப்பி ஓரங்கட்டினார்கள். இளையவன் பொலெஸ்வாவ், செக் நாட்டு இளவரசி யூதித் பெற்ற மகன். கோணலான வாயை உடையவன் என்பதால் வரலாற்றில் கோணவாய் பொலெஸ்வாவ். 1102 இல் ஹெர்மன் இறந்தபோது வடக்கே பெரிய போலந்தும் மசோவியாவும் மூத்தவனுக்கு, தெற்கே சிறிய போலந்தும் சிலேசியாவும் இளையவனுக்கு என்று நாடு பிரிந்தது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் தம்பி அண்ணனை நாட்டைவிட்டே விரட்டிவிட்டான். அண்ணன் ஜெர்மானிய மன்னர் ஐந்தாம் ஹென்றியிடம் போய் நின்றான். 1109 இல் ஹென்றி படையெடுத்து வந்தார். பாதி நாட்டை அண்ணனுக்குத் திருப்பிக் கொடு என்பதும் அவருடைய நிபந்தனைகளில் ஒன்று.

அந்தப் படையெடுப்பில் குவோகூவ் கோட்டை முற்றுகை நடந்தது. கோட்டைக்குள் இருந்தவர்கள் சில நாள் அவகாசம் கேட்டுத் தங்கள் பிள்ளைகளைப் பிணையாகக் கொடுத்திருந்தார்கள். அவகாசம் முடிந்தும் அவர்கள் சரணடையவில்லை. ஹென்றியின் ஆட்கள் அந்தப் பிள்ளைகளை முற்றுகைப் பொறிகளில் கட்டி மதிலை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உள்ளே இருந்த பெற்றோர் அப்போதும் கற்களை வீசினார்கள், அம்பு எய்தார்கள். இதை எழுதியவர் காலுஸ் என்று நாம் அழைக்கும் பெயர் தெரியாத துறவி, போலந்தின் முதல் வரலாற்றாசிரியர். அவர் பொலெஸ்வாவின் அரசவையைச் சேர்ந்தவர், தன் மன்னரை உயர்த்தித்தான் எழுதுவார். ஆனாலும் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். இரண்டு சகோதரர்கள் ஒரு வீட்டில் ஒத்துப்போகாததற்கு யார் வீட்டுப் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள் பாருங்கள்.

ஹென்றியின் படை தோற்றுத் திரும்பியது. இரண்டு மூன்று ஆண்டு கழித்து சமாதானம் பேசி அண்ணனைத் திரும்ப வரவிட்டார்கள். காலுஸ் சொல்கிறார்: மன்னிப்புக் கேட்க வருபவன் போல வராமல், முன்னே ஒருவன் வாள் ஏந்திச் செல்ல, மேளமும் இசையும் முழங்க, ஆளப் பிறந்தவன் போல ஸ்பிக்னியெவ் வந்தானாம். அதற்குப் பிறகு நடந்ததை காலுஸ் நேராகச் சொல்லாமல் சுற்றி வளைக்கிறார். பிராகாவைச் சேர்ந்த கோஸ்மாஸ் தன் வரலாற்றில் நேராகச் சொல்லிவிடுகிறார்: பொலெஸ்வாவ் தன் அண்ணனின் கண்களைப் பறித்தார்.

பிறகு அவர் செய்த பரிகாரத்தைக் காலுஸ் விரிவாகவே எழுதுகிறார். நாற்பது நாள் நோன்பு, சாக்குத்துணி, சாம்பல். ஹங்கேரியில் புனித கைல்ஸ் பெயரால் அமைந்த சோமோஜ்வார் மடத்துக்கு யாத்திரை. வழியில் ஒவ்வொரு நாளும் காலையில் கிளம்பி, அன்றைய வேளைச் செபங்களும் சங்கீதங்களும் முடியும்வரை கால்நடையாக, சில வேளை வெறுங்காலோடு நடந்தார். திரும்பி வந்து க்னியெஸ்னோ பேராலயத்தில் புனித அடல்பெர்ட்டின் திருப்பண்டத்துக்குப் பொற்பேழை செய்து வைத்தார். அந்த மன்னரின் மனதுக்குள் என்ன இருந்தது என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் இந்த மனிதர்தான் இருபத்தைந்து ஆண்டு கழித்து ஐந்து மகன்களுக்குத் தந்தையாக, இறக்கும் தறுவாயில், யாருக்கு என்ன என்று யோசித்தவர். அவரைப் பார்த்து, அண்ணன் தம்பி பிரச்சினை தெரியாமல் எழுதிவிட்டார் என்று நாம் சொல்லலாமா?

இனி உயிலுக்கு வருவோம். மன்னர் இறந்தது 1138 அக்டோபர் 28. உயிலின் மூலம் நமக்குக் கிடைக்கவில்லை. கிராக்கோவ் ஆயராக இருந்த வின்சென்டி கட்வூபெக்கின் வரலாறு, 1210 இல் திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட் எழுதிய ஒரு கடிதம் ஆகியவற்றிலிருந்தும், பின்னால் யார் எங்கே ஆண்டார்கள் என்பதிலிருந்தும் மீட்டெடுத்த சித்திரம்தான் நம்மிடம் இருக்கிறது.

முதல் மனைவி கீவ் இளவரசி ஸ்பிஸ்வாவா. அவருடைய மகன் இரண்டாம் விளாதிஸ்வாவ், எல்லோருக்கும் மூத்தவர். அவருக்குச் சிலேசியா. இரண்டாம் மனைவி ஜெர்மனியின் பெர்க் குடும்பத்துச் சலோமியா. அவருடைய மகன்களில் சுருள்முடி பொலெஸ்வாவுக்கு மசோவியா, மியெஷ்கோவுக்குப் போஸ்னானைச் சுற்றிய மேற்குப் பகுதி, ஹென்றிக்குக்கு வயது வந்ததும் சாந்தோமியெஷ். சலோமியாவுக்கு அவர் உயிரோடு இருக்கும்வரை வென்சித்சா நிலம். கடைசிப் பிள்ளை கசிமீர் அந்த ஆண்டில்தான் பிறந்தான், அவனுக்கு எதுவும் இல்லை. இதற்கு ஒரு கதை உண்டு. குழந்தைக்கு ஒன்றும் வைக்கவில்லையே என்று கேட்டார்களாம். நான்கு சக்கர வண்டியை ஓட்ட ஒருவன் வேண்டாமா என்று மன்னர் திருப்பிக் கேட்டாராம். கசிமீர் பிற்பாடு கிராக்கோவை ஆண்டதால் பின்னால் வந்தவர்கள் கட்டிய கதை என்றுதான் எனக்குப் படுகிறது.

இவை தவிர ஒரு பங்கு பிரிக்கப்படவில்லை. கிராக்கோவும், க்னியெஸ்னோவை உள்ளடக்கிய நடுப்பகுதியும், பொமரேனியா மீதான மேலாண்மையும் எவருக்கும் சொந்தமில்லை. குடும்பத்தில் அப்போது யார் வயதில் மூத்தவரோ அவர் கையில் இருக்கும். அவர் போனால் அவர் மகனுக்குப் போகாது, அடுத்த மூத்தவருக்குப் போகும். நம் ஊர்ப் பாகப்பிரிவினைப் பத்திரங்களில் நிலத்தை அளந்து பிரித்துவிட்டு, கிணறு மட்டும் பொது, முறை வைத்து இறைத்துக்கொள்ள வேண்டியது என்று எழுதுவார்கள் அல்லவா, கிராக்கோவ் அந்தக் கிணறு. நிலத்தைப் பற்றிய வழக்கைவிடக் கிணற்றைப் பற்றிய வழக்குதான் நீதிமன்றத்தில் நீண்டகாலம் இழுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இது அவர் தனியாகக் கண்டுபிடித்த ஏற்பாடும் அல்ல. கீவில் அறிஞர் யாரோஸ்லாவ் 1054 இல் இறந்தபோது நகரங்களை மகன்களுக்குப் பிரித்து, மூத்தவருக்குக் கீவைக் கொடுத்தார். செக் நாட்டில் முதலாம் பிரெட்டிஸ்லாவ் 1055 இல் குடும்பத்து மூத்தவரே ஆளவேண்டும் என்று விதித்துச் சென்றார். ஒருவர் முதல் மனைவியின் நாட்டவர், மற்றவர் தாயின் நாட்டவர். நாடு என்பது குடும்பச் சொத்து, எல்லா மகனுக்கும் அதில் உரிமை உண்டு என்பது அந்தக் காலத்து நியாயம். ஒருவனுக்கே எல்லாம் என்று எழுதியிருந்தால் மற்ற நான்கு பேரும் தந்தை கண்மூடிய மறுநாளே ஆள் திரட்டியிருப்பார்கள்.

அப்படியானால் எங்கே முறிந்தது? எட்டே ஆண்டில் முறிந்தது. 1141 இல் சலோமியா வென்சித்சாவில் தன் மகன்களையும் பிரபுக்களையும் கூட்டி, மகளுக்கு எங்கே மணம் முடிப்பது என்பது வரை பேசினார். மூத்தவருக்கு அழைப்பே இல்லை. 1144 இல் சலோமியா இறந்ததும் அந்த நிலத்துக்காகச் சண்டை கூடியது. விளாதிஸ்வாவின் மனைவி ஆக்னஸ், ஜெர்மானிய மன்னர் மூன்றாம் கொன்ராடுக்கு ஒரே தாய், வேறு தந்தை வழிச் சகோதரி. தன் கணவர் தம்பிகளோடு பங்கு போட்டுக்கொள்வதை அவர் சகிக்கவில்லை என்று வரலாறுகள் சொல்கின்றன. தந்தையின் காலத்திலிருந்து செல்வாக்கோடு இருந்த பியோத்ர் வோஸ்தோவித்ஸைப் பிடித்துக் கண்களைப் பறித்து நாக்கை அறுத்தார்கள். பாருங்கள், மறுபடியும் கண். அந்தக் கொடுமைக்குப் பிறகு பிரபுக்களில் பலர் இளையவர்கள் பக்கம் சாய்ந்தார்கள். க்னியெஸ்னோ பேராயர் யாக்கூப், விளாதிஸ்வாவைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். 1146 இல் போஸ்னானில் தம்பிகளை முற்றுகையிட்டவர் தோற்று ஜெர்மனிக்கு ஓடினார். 1159 இல் இறக்கும்வரை நாடு திரும்பவில்லை.

அவருக்காக ஜெர்மானியப் பேரரசர் பார்பரோசா 1157 இல் படையோடு வந்தார். சுருள்முடி பொலெஸ்வாவ் வெறுங்காலோடு, உருவிய வாளைக் கழுத்தில் தொங்கவிட்டு, பேரரசர் முன் வந்து பணிந்தார். 300 வீரர்களோடு இத்தாலிப் போருக்கு வருவதாகவும் வாக்களித்தார். போகவில்லை. சிறுவனாக இருந்து இளைஞனாகிவிட்ட கசிமீரைப் பிணையாக அனுப்பினார். 1163 இல்தான் விளாதிஸ்வாவின் மகன்களுக்குச் சிலேசியா திரும்பக் கிடைத்தது.

விதியை உண்மையில் கொன்றது 1177 என்பேன். அப்போது மூத்தவர் மியெஷ்கோ. முதியவர் மியெஷ்கோ என்று பெயர். விதிப்படி கிராக்கோவ் அவருடையது, சரியாகவே அமர்ந்திருந்தார். ஆனால் வரி கெடுபிடி, அடிக்கடி நாணயத்தைத் திரும்பப் பெற்று மாற்றி அடிப்பது என்று மக்களைப் பிழிந்தார். அவர் காலத்து வெள்ளி நாணயங்களில் சிலவற்றில் ஹீப்ரு எழுத்துகள் இருக்கின்றன. நாணயச்சாலையை யூதர்கள் நடத்தியதால் மன்னர் பெயரையே ஹீப்ரு எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். மெல்லிய தகடு, ஒரு பக்கம் மட்டும் அச்சு. அந்தக் காலத்துப் போலந்தில் யார் யாரெல்லாம் வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்தத் தகட்டைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கிராக்கோவ் பிரபுக்கள் அவரை விரட்டிவிட்டு, எல்லோருக்கும் இளையவரான கசிமீரை அழைத்து உட்கார வைத்தார்கள். அதாவது, மூத்தவர் யார் என்று வயதைப் பார்த்து முடிவு செய்வதை விட்டுவிட்டு, யார் வேண்டும் என்று அந்த நகரத்துப் பிரபுக்களும் ஆயரும் முடிவு செய்தார்கள். அந்த உதவிக்கு விலையும் உண்டு. 1180 வென்சித்சா கூட்டத்தில், ஆயர் இறந்தால் அவருடைய உடைமைகளை இனி அரசர் எடுத்துக்கொள்ள மாட்டார், போகிற வழியில் குடியானவர்களின் தானியத்தையும் குதிரைகளையும் பறிக்கக் கூடாது என்றெல்லாம் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கசிமீருக்கு நீதிமான் என்ற பட்டம் உண்டு. கட்வூபெக் அவரை வானளாவப் புகழ்கிறார். தன்னை எழுதச் சொன்னவரைப் புகழ்ந்துதானே எழுதுவார், அதைக் கழித்துத்தான் படிக்க வேண்டும்.

கசிமீர் 1194 இல் இறந்தபின் அவருடைய சிறு பையன் லெஷெக்கை அரியணையில் ஏற்றினார்கள். முதியவர் மியெஷ்கோ எழுபதை எட்டும் வயதில் மறுபடியும் படையோடு வந்தார். 1195, மோஸ்காவா ஆற்றங்கரை. அவருடைய மகன் அங்கே களத்தில் மாண்டான். முதியவரும் காயப்பட்டார். யாரென்று தெரியாமல் ஒரு சாதாரண வீரன் அவரை வெட்டப் போனானாம். அவர் தலைக்கவசத்தைக் கழற்றித் தன் முகத்தைக் காட்டினார். அந்த வீரன் மன்னிப்புக் கேட்டு, மற்றவர்கள் கையில் சிக்காமல் அவரைக் களத்துக்கு வெளியே கொண்டுபோய் விட்டான் என்கிறது வரலாறு. இத்தனை சண்டைக்கு நடுவிலும் அந்தக் குடும்பத்து முகத்துக்கு அந்த மரியாதை இருந்திருக்கிறது. இதை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருகிறேன்.

அடுத்து நடந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன். 1227 இல் கோன்சாவாவில் இளவரசர்கள் சமாதானம் பேசக் கூடியபோது தாக்குதல் நடந்தது. லெஷெக் குளிக்குமிடத்திலிருந்து குதிரையேறி ஓடியும் தப்பவில்லை, துரத்திக் கொன்றார்கள். அவருடைய தம்பி கொன்ராட், புறச்சமயப் பிரஷ்யர்களின் தொல்லை தாங்காமல் டியூட்டானிக் என்ற ஜெர்மானியத் துறவற வீரர்களை அழைத்துச் செல்ம்னோ நிலத்தில் குடியமர்த்தினார். அந்த அழைப்பு பிற்காலத்தில் எவ்வளவு பெரிய துயரமானது என்று தனி உரையிலேயே பேசியிருக்கிறேன், 1308 இல் கதான்ஸ்கைப் பறித்துக்கொண்டவர்கள் அவர்களே. 1241 ஏப்ரல் 9 அன்று லெக்னித்சாவில் மங்கோலியரை எதிர்த்துச் சிலேசியாவின் பக்திமான் ஹென்றிக் உயிர்விட்டார். அவருக்குப் பின் சிலேசியாவே துண்டுதுண்டாகப் பிரிந்தது.

இதுவரை சொன்னதில் எல்லாமே அழிவாகத் தெரிகிறது. அது முழு உண்மை அல்ல. ஒவ்வொரு சிற்றரசருக்கும் வருமானம் வேண்டும், ஆகவே ஒவ்வொருவரும் தன் நிலத்தில் குடியேற்றம் நடத்தினார், நகரம் கட்டினார். போஸ்னான் 1253 இல், கிராக்கோவ் 1257 இல் மாக்டபர்க் என்ற ஜெர்மானிய நகரத்தின் சட்டப்படி நகர உரிமை பெற்றன. கிராக்கோவின் பெரிய சதுக்கம், பக்கத்துக்கு ஏறத்தாழ 200 மீட்டர், அன்று அளந்து போட்டதுதான். எழுத்தில் பதிவான முதல் போலிஷ் வாக்கியம் என்று சொல்லப்படுவதும் இந்தக் காலத்ததுதான். சிலேசியாவின் ஹென்றிகூவ் மடத்தில் 1270 வாக்கில் எழுதிய ஏட்டில் இருக்கிறது. கையால் திரிகை சுற்றிக் களைத்த மனைவியிடம் கணவன், கொடு, நான் அரைக்கிறேன், நீ ஓய்வெடு என்கிறான். இருநூறு ஆண்டுச் சண்டையின் நடுவில் ஒரு குடியானவன் வீட்டுப் பேச்சு தப்பிப் பிழைத்திருக்கிறது. எனக்கு அதை நினைத்தாலே மகிழ்ச்சி.

இனி நான் கேட்கப்பட விரும்பும் கேள்விக்கு வருகிறேன். ஏன் பிரிந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அக்காலத்தில் பிரிவது வழக்கம். எப்படிச் சேர்ந்தது என்று கேளுங்கள், வியப்பு அங்கேதான் இருக்கிறது.

உயில் தொடாத ஒன்று இருந்தது: திருச்சபை. க்னியெஸ்னோ பேராயர் மாகாணம் 1000 ஆம் ஆண்டில் அமைந்தது. 1133 இல் அதை ஜெர்மானிய மாக்டபர்க் பேராயரின் கீழ் கொண்டுவரும் ஆணை வந்தது. 1136 இல் திருத்தந்தை இரண்டாம் இன்னசென்ட் வெளியிட்ட ஆணை அதன் தனித்தன்மையைத் திரும்ப உறுதிசெய்தது. உயிலுக்கு இரண்டே ஆண்டு முன்பு! நாட்டுக்கு ஐந்து இளவரசர், ஆனால் பேராயர் ஒருவரே. இளவரசர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தபோது அவர்களுடைய ஆயர்கள் ஒரே சங்கத்தில் கூடி அமர்ந்திருந்தார்கள்.

அந்த ஆயர்களின் கையில் ஒரு புனிதரும் இருந்தார். 1079 இல் மன்னர் இரண்டாம் பொலெஸ்வாவ் கிராக்கோவ் ஆயர் ஸ்தனிஸ்வாவின் உடலைத் துண்டிக்கச் செய்தார், பிறகு நாட்டை இழந்தார். 1253 இல் அசிசியில் ஸ்தனிஸ்வாவுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அதையொட்டி கீல்ச்சாவைச் சேர்ந்த வின்சென்டி எழுதிய வாழ்க்கையில், துண்டுகளைக் கழுகுகள் காவல் காத்தன, துண்டுகள் வடுவின்றி ஒன்று சேர்ந்தன, அதுபோலவே நாடும் ஒரு நாள் ஒன்று சேரும் என்று வருகிறது. இளவரசர் எவருடைய வாயிலும் இல்லாத அரசியலை ஒரு துறவி புனிதர் வரலாற்றுக்குள் வைத்துவிட்டார். மக்கள் அதை ஆலயத்தில் கேட்டார்கள்.

பேராயர் யாக்கூப் ஷ்வின்கா 1285 இல் சங்கம் கூட்டி, ஆலயத்தில் போலிஷ் மொழியில் விளக்கம் சொல்ல வேண்டும், போலிஷ் தெரியாதவரைப் பள்ளி ஆசிரியராக வைக்கக் கூடாது என்று விதித்தார். 1295 இல் க்னியெஸ்னோவில் இரண்டாம் பிஷெமிஸுக்கு முடிசூட்டினார். 1076 க்குப் பிறகு முதல் முடி அது. அடுத்த ஆண்டே அவரை ரொகோஷ்னோவில் கொன்றுவிட்டார்கள். 1300 இல் செக் மன்னர் இரண்டாம் வென்செஸ்லாஸ் முடிசூடினார், 1306 இல் அவர் மகனும் கொலையாகி அந்த வழி முடிந்தது. அந்த இடைவெளியில் எழுந்தவர், டியூட்டானிக் வீரர்களை அழைத்த அந்தக் கொன்ராடின் பேரன், முழங்கை உயரம் என்று பட்டப்பெயர் பெற்ற குள்ளமான விளாதிஸ்வாவ் வொக்கியெதெக். நாட்டை இழந்து, அலைந்து, மறுபடி மறுபடி தொடங்கியவர். 1320 ஜனவரி 20 அன்று கிராக்கோவ் வாவெல் பேராலயத்தில், ஸ்தனிஸ்வாவின் எலும்புகள் இருக்கும் இடத்தில், முடிசூடினார். ஷ்வின்கா 1314 இலேயே இறந்துவிட்டார், பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மோஸ்காவாவில் கவசம் கழற்றிய முகத்துக்குக் கிடைத்த மரியாதையைச் சொன்னேன் அல்லவா? முடி சூட பியாஸ்ட் ஒருவர் வேண்டும் என்ற எண்ணம் இத்தனை தலைமுறைக்குப் பிறகும் உயிரோடு இருந்தது.

மாணவிக்கு என் பதில் இதுதான். உயில் சண்டையை உண்டாக்கவில்லை, சண்டையை முறைப்படுத்தப் பார்த்தது, பொதுவில் விட்ட ஒரு பங்கில் தோற்றது. ஆனால் 1320 இல் எல்லாம் சேர்ந்துவிட்டது என்றும் எண்ணிவிடாதீர்கள். வொக்கியெதெக்கிடம் பெரிய போலந்தும் சிறிய போலந்தும்தான் முக்கியமாக இருந்தன. சுருள்முடியாருக்கு எழுதிய மசோவியா, அங்கே ஆண்ட கடைசி பியாஸ்ட் 1526 இல் இறந்தபின்தான் மன்னரிடம் முழுதாக வந்தது. மூத்த மகனுக்கு எழுதிய சிலேசியாவை வொக்கியெதெக்கின் மகன் பெரிய கசிமீர் 1335 இல் செக் மன்னருக்கு விட்டுக்கொடுத்தார். அங்கே விரட்டப்பட்ட விளாதிஸ்வாவின் வாரிசுகள் சிற்றரசர்களாகத் தொடர்ந்தார்கள். ஆளும் பியாஸ்ட்களில் கடைசியானவர் அந்தக் கிளையில்தான் வந்தார்: லெக்னித்சாவின் ஜார்ஜ் வில்லியம், 1675 இல் பெரியம்மையால் இறந்த பதினைந்து வயதுப் பையன்.